லிந்துலையில மைனஸ் 40

ஸ்கேனர்ல மைனஸ் 40 பாகை காட்டுதாம், சென்சர் செத்துப் போச்சாம், நாளைக்கு விடிய பஸ்ஸேறிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடையில புதுசு ஒண்ணு எடுத்துட்டு வரப்போறியாம். லயம் பூரா இதே பேச்சு. உக்காரு மருமகனே. ஜனவரியில நுவரெலியாப் பக்கம் புல்லு மேல கொஞ்சம் உறைபனி விழுந்தாலே, படம் பிடிக்கக் கொழும்புல இருந்து வேன் கட்டிக்கிட்டு வாறாங்க. உன் வேனுக்குள்ள சைபீரியாவே இருக்குன்னு தெரிஞ்சா டிக்கெட் போட்டுக் காட்டலாம்; ஹயர் ஓடுறதை விட நல்ல சல்லி. அதுவும் தலவாக்கலையில இருந்து ஏறி வந்து இப்பத்தான் நிறுத்துன என்ஜின், கை வச்சா தோல் கழண்டுரும். அதுல புகை திரும்பி வர்ற குழாய் மட்டும் மைனஸ் 40. நீயும் நம்பிட்ட, உன் கராஜ் பாஸும் நம்பிட்டாரு. ஸ்கேனர் வாங்குன காசுக்கு ரெண்டு பேருக்கும் புத்தி வாங்கியிருக்கலாம், ஆனா அது பஞ்சிகாவத்தையில கிடைக்காது.

அது குளிர் இல்லப்பா. "எனக்கு ஒண்ணும் கேக்கல்ல"ன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. உன் வேனோட ஈசியூ, அதான் அந்தக் கம்ப்யூட்டர், தனக்குள்ள இருக்கிற ஒரு ரெசிஸ்டர் வழியா அந்த சென்சருக்கு 5 வோல்ட் அனுப்பி வச்சிருக்கு. சென்சர் நுனியில இருக்கிறது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதோட தடை குறையும். தடை குறையக் குறைய அந்த வோல்ட்டும் கீழ இறங்கும். எவ்வளவு இறங்குச்சுன்னு பார்த்துத்தான் ஈசியூ சூட்டைக் கணக்குப் பண்ணுது. வயர் அறுந்து போச்சு, இல்லன்னா பிளக் சரியா உக்காரல்லன்னு வை. கீழ இழுக்க ஆள் இல்லாம 5 வோல்ட்டும் முழுசா அப்படியே நிக்கும். ஈசியூ தன்னோட அட்டவணையைப் பார்க்கும். அந்த வோல்ட்டுக்கு நேரா, கடைசி வரியில மைனஸ் 40ன்னு இருக்கும். வாசிச்சுக் காட்டிட்டு, பி040டின்னு ஒரு பிழைக் கோடும் எழுதி வச்சிரும். வயர் உரிஞ்சு எர்த் ஆச்சுன்னா கதை தலைகீழ். வோல்ட் சைபர், சூடு உச்சாணிக்கு எகிறும், கோடு பி040சி. குளிரும் பொய், சூடும் பொய், வயர்லயோ சென்சருக்குள்ளயோ கோளாறுங்கிறது மட்டும் நிஜம். இதுக்குத்தான் நீ ஆறு மணி நேரம் பஸ்ல குலுங்கிக்கிட்டுப் போகப் பார்த்த.

என்ன சாமானுக்கு என்ன சென்சர்னு உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். வெக்கப்படாத, பக்கத்துல யாரும் இல்ல. என்ஜின் வெளிய தள்ளுற புகையில ஒரு பங்கைத் திரும்ப உள்ளுக்கு எடுக்கிறதுக்குப் பேரு ஈஜிஆர். ஏற்கனவே எரிஞ்ச புகை, அதுல ஒட்சிசன் குறைவு. அது உள்ள போனா எரியுற சூடு தணியும். உள்ளுக்குள்ள சூடு 1,400 பாகைப் பக்கம் போச்சுன்னா, காத்துல சும்மா கிடக்கிற நைதரசனும் ஒட்சிசனோட கூடிக்கிட்டு நெஞ்சைக் கெடுக்கிற வாயுவா மாறிரும். அதைக் குறைக்கத்தான் இவ்வளவு குழாய் வேலையும். 1988 மொடல்ல இருந்து கலிபோர்னியாவில, ஈஜிஆர் வேலை செய்யுதா இல்லையான்னு வண்டியே கண்டுபிடிச்சு லைட் போடணும்னு விதி வந்துச்சு. ஜப்பான்காரன் என்ன பண்ணான், அந்தப் புகைப்பாதையில சின்னதா ஒரு தெர்மிஸ்டரைக் குத்தி வச்சான். வால்வ் திறந்து புகை வந்தா பாதை சூடாகும், வரல்லன்னா சூடாகாது. அவ்வளவுதான் அதோட உத்தியோகம். இப்ப வர்ற டீசல்ல புகையை ஆற வைக்கக் கூலர் ஒண்ணும் சேர்ந்துக்கிச்சு. அதனால கூலர் ஒழுங்கா ஆத்துதான்னு பாக்கிறதும் அதே சென்சர் தலையில விழுந்திருக்கு. எல்லா வண்டியிலயும் இது இருக்காது. சிலதுல கூலருக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு ரெண்டும் இருக்கும். ரெண்டாவதுக்குக் கோடு பி041ன்னு தொடங்கும். எது எதுன்னு பாக்காம முன்னாடி இருக்கிறதைக் கழட்டிப் போட்டுட்டுப் பின்னாடி இருக்கிறதுக்கு லைட் எரியுதுன்னு என்கிட்ட வந்து நிக்காத.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறேன். கோடுல ரெண்டு குணம் இருக்கு. பி040சி, பி040டி ரெண்டும் பெரும்பாலும் வயர் வழக்கு. ஆனா பி0401னு வந்தா புகை போதாதுன்னு அர்த்தம், பி2457னு வந்தா கூலர் சரியா ஆத்தல்லன்னு அர்த்தம். பி040பி வந்தா, சென்சர் சொல்லுறது நம்புற மாதிரி இல்லன்னு ஈசியூ சந்தேகப்படுது. இந்த மூணுலயும் சென்சர் உண்மையைச் சொல்லியிருக்க நிறைய இடம் இருக்கு. நீங்க என்ன பண்ணுறீங்க? நாலஞ்சு கோட்டுக்கும் ஒரே மருந்தா சென்சரை மாத்துறீங்க.

தேயிலை ஸ்டோர்ல நான் ட்ரையர்ல நின்ன காலத்துல ஒரு சின்ன துரை வந்தாரு. புதுசு, படிச்சவரு, சப்பாத்து பளபளன்னு இருக்கும். ட்ரையருக்குள்ள போற காத்து 200 பாகை பரனைட், வெளிய வர்ற காத்து 125, 130ல நிக்கணும். ஒரு ராத்திரி வெளிக்காத்துச் சூடு மளமளன்னு இறங்குது. சின்ன துரை தெர்மாமீட்டரைத் தட்டிப் பார்த்தாரு, துடைச்சுப் பார்த்தாரு, "இது பழசு, வேற போடு"ன்னாரு. வேற போட்டோம். அதுவும் இறங்குச்சு. இன்னொண்ணு போட்டோம். அதுவும் அப்படியே. அந்தப் பக்கம் தட்டுல இலையை ரெண்டு மடங்கு தடிப்பா பரத்தி விட்டிருந்தான் ஒருத்தன், சீக்கிரம் முடிச்சுட்டுத் தூங்கலாம்னு. ஈர இலை அவ்வளவையும் காய வைக்கிற காத்து ஆறாம என்ன செய்யும்? மூணு தெர்மாமீட்டரும் உண்மையைத்தான் சொல்லிச்சு. உன் பாஸ் அந்தத் துரையோட மிச்சம். சப்பாத்து மட்டும் தான் வித்தியாசம்.

சரி, எங்க தொடங்கணும்? முதல்ல அந்த எரேஸ் பட்டன்ல இருந்து கையை எடு. லைட் எரிஞ்ச உடனே அழிச்சுப் பாக்கிறது உங்களுக்கெல்லாம் ஒரு வியாதி. கோடு விழுந்த நேரத்துல என்ஜின் எவ்வளவு சூடு, என்ன வேகம், எவ்வளவு சுமைன்னு ஈசியூ ஒரு பதிவு வச்சிருக்கும். அதை வாசிச்சுக் கடதாசியில எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் அழி. நீ அழிச்சது கோடு இல்ல மருமகனே, சாட்சி. பெட்டரி வயரைக் கழட்டி அழிக்கிறவன் உன்னை விட ஒரு படி மேல. அவன் ரேடியோவையும் சேர்த்து மறக்கடிச்சுருவான்.

ரெண்டாவது வேலைக்கு உனக்குச் சல்லிக் காசு செலவில்ல, தூக்கம் மட்டும் கெடும். வேனை ராத்திரி முழுக்க நிறுத்தி வை. விடியக்காலம், பெரட்டுக்கு ஆள் போறதுக்கு முன்னால எந்திரிச்சு, ஸ்டார்ட் பண்ணாம, சாவியை மட்டும் ஓன்ல போட்டு ஸ்கேனரைக் குத்து. கூலண்ட் சூடு, உள்ள போற காத்துச் சூடு, ஈஜிஆர் சூடு மூணையும் பாரு. ராத்திரி பூரா ஆறிக் கிடந்த இரும்பு, மூணும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கணும். நம்ம பக்கத்து விடியலுக்கு 12, 13, 14ன்னு வரும். ரெண்டு மூணு பாகை கூடக் குறைய இருந்தா சண்டை போடாத. கூலண்ட் 13, காத்து 13, ஈஜிஆர் மட்டும் 48ன்னு நின்னுச்சுன்னா அது பொய் சொல்லுது. இல்லன்னா அந்தப் பிளக் பொய் சொல்லுது. இந்தச் சோதனைக்குக் கொழும்பை விட நம்ம பக்கம் நல்லது. அங்க விடியலும் சூடு, மத்தியானமும் சூடு, வித்தியாசம் அவ்வளவு பளிச்சுன்னு தெரியாது. குளிர் குளிர்னு புலம்புறியே, இந்த ஒரு காரியத்துக்காவது நம்ம மலை உதவட்டும். வெயில் பட்ட பிறகு எந்திரிச்சு வந்து, பொனட் ஒரு சூடு, அடியில ஒரு சூடுன்னு பார்த்துட்டு என்னைத் திட்டாத.

அடுத்தது பிளக். சாவி ஓன், என்ஜின் ஓஃப். சென்சர் பிளக்கைக் கழட்டு. ஸ்கேனர்ல மைனஸ் 40 வரணும். இப்ப பிளக்கோட வயர்ப்பக்கம் இருக்கிற ரெண்டு பின்னையும் ஒரு சின்ன வயர்த்துண்டால சேர்த்து விடு. சூடு உச்சத்துக்குப் பாயணும். கழட்டுனா அடியில விழுந்து, சேர்த்தா உச்சிக்குப் போனா, வயரிங்கும் ஈசியூவும் பத்தரை மாத்துத் தங்கம். அப்பத்தான் சென்சர் மேல கையை வைக்க உனக்கு உரிமை. கழட்டுன பிறகும் சூடு உச்சியிலயே நின்னா வயர் எங்கயோ எர்த் ஆகியிருக்கு. சேர்த்த பிறகும் மைனஸ் 40லயே கிடந்தா எங்கயோ அறுந்திருக்கு. மீட்டர் இருந்தா சிக்னல் வயருக்கும் எர்த்துக்கும் நடுவுல 5 வோல்ட் வருதான்னு பாரு. வந்துச்சுன்னா மத்த வயரோட எர்த்தைச் சந்தேகப்படு. இதெல்லாம் ரெண்டு வயர் சென்சருக்கு. நாலஞ்சு வயர் போற பிளக்கைப் பார்த்துட்டு, மாமா சேர்க்கச் சொன்னாருன்னு எதையாவது எதோடயாவது சேர்த்து ஈசியூவைப் பொசுக்குனா, அதுக்கு நான் பொறுப்பில்ல, ஸ்டோர் மெஷினுக்குக் காவல் நிக்கிற ரோதமுனி சாமியும் பொறுப்பில்ல.

இன்னொரு எச்சரிக்கை. எல்லா சென்சரும் ஒரே குணம் இல்ல. பிளாட்டினம் வச்ச வகை இருக்கு. 0 பாகையில 200 ஓம், 100 பாகையில 277 ஓம் பக்கம் காட்டும். அதாவது சூடு ஏற ஏற தடையும் ஏறும். அதுல பிளக்கைக் கழட்டுனா மைனஸ் 40க்குப் பதிலா உச்சச் சூடு தான் காட்டும். உன் வண்டியில எதுன்னு மெனுவலைப் பாரு. மெனுவலா, அது எங்கன்னு கேக்காத. அந்தக் கார் வீடியோவெல்லாம் பாக்கிற அதே போன்ல தான் இருக்கு.

வயர் வழக்குன்னு தெரிஞ்சா, சென்சர் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சுக் கையால தடவிக்கிட்டே போ. ஒருத்தன் ஸ்கேனரைப் பார்த்துக்கிட்டிருக்க, மத்தவன் வயரை மெதுவா ஆட்டணும். எந்த இடத்துல ஆட்டும்போது எண் துள்ளுதோ அங்க கத்தியை வை. மேனிபோல்ட் பக்கம் கிளிப் கழண்டு வயர் சாஞ்சு கிடந்தா உறை உருகியிருக்கும். நம்ம பக்கம் இன்னொரு பார்ட்டி இருக்கு: எலி. குளிர் ராத்திரியில சூடான என்ஜினை விட நல்ல மெத்தை அதுக்கு எது? படுத்ததோட விடாது, பல்லையும் தீட்டிக்கும். ரெண்டு மூணு பல்தடம் பார்த்தாச் சொல்லு, உன் சென்சரைக் கொன்னது யாருன்னு. பிளக்குக்குள்ள பச்சையாப் பூத்திருந்தா மழைத்தண்ணி. லிந்துலையில மழையில நனையாத பிளக்னு ஒண்ணு இருந்தா அது கடையில பொட்டிக்குள்ள இருக்கும்.

இப்ப மீட்டர் கதை. இதுல தான் பாதிப் பேர் வழுக்கி விழுறது. சென்சரைக் கழட்டி மேசையில வச்சு, மீட்டரை 200 கிலோ ஓம்ல போட்டு, "ஒண்ணுமே காட்டல்ல, செத்துருச்சு"ன்னு சொல்லுவாங்க. பழைய நிசான் மெனுவலை எடுத்துப் பாரு. ஈஜிஆர் சென்சருக்கு 0 பாகையில 7.9ல இருந்து 9.7 மெகா ஓம்! 50 பாகையிலயே 0.57ல இருந்து 0.70 மெகா ஓம். 100 பாகை வந்தாத்தான் 0.08, 0.10ன்னு இறங்கும். நம்ம குளிர்ல கராஜ் மேசையில கிடக்கிற அந்த சென்சர் மெகா ஓம் கணக்குல தான் பேசும். மீட்டரை 20 மெகாவுல போட்டுக் கேக்காம, சின்ன ரேஞ்சுல வச்சுக்கிட்டு ஊமைன்னு தீர்ப்பு எழுதிட்டு, நல்ல சென்சரைக் கானுல எறியுறவன் எத்தனை பேரு. போதாக்குறைக்கு ரெண்டு விரலாலயும் நுனியைப் பிடிச்சுக்கிட்டு அளக்கிறான். தோலோட தடையும் சேர்ந்து வந்து புது எண் ஒண்ணு காட்டும்.

கெட்டிக்காரன் ஒருத்தன் வெந்நீர் வச்சுச் சோதிக்கலாம்னான். நல்ல யோசனை தான். பழைய டொயோட்டா மெனுவல்ல 50 பாகைக்கு 69.4ல இருந்து 88.5 கிலோ ஓம், 100 பாகைக்கு 11.89ல இருந்து 14.37, 150க்கு 2.79ல இருந்து 3.59. கேத்தல்ல தண்ணியைக் கொதிக்க வச்சு நுனியை மட்டும் முக்கி அளந்தான். 15 கிலோ ஓம் காட்டுச்சு. "14.37க்கு மேல போயிருச்சு, பெயில்"னான். டேய், உன் கேத்தல் எங்க இருக்கு? கொழும்புலயா? நம்ம பக்கத்துல தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிற சென்கூம்ஸ் கடல்மட்டத்துல இருந்து 1,382 மீற்றர். அந்த உயரத்துல தண்ணி 95, 96 பாகையிலயே கொதிச்சுரும். நுவரெலியா 1,868 மீற்றர், அங்க 94. பருப்பு வேக நேரமாகுதுன்னு உங்க மாமி அடுப்படியில நின்னு என்னைத் திட்டுறாளே, அதே காரணம். கொதிக்கிற தண்ணி 100 பாகைங்கிறது கடலோரத்துக்காரன் சட்டம். 95 பாகையில நல்ல சென்சரே 15 கிலோ ஓம் பக்கம் தான் காட்டும். மெனுவல் மேலயும் தப்பில்ல, சென்சர் மேலயும் தப்பில்ல. மலை மேல நிக்கிறதை இவன் மறந்துட்டான். தண்ணிக்குள்ள ஒரு தெர்மாமீட்டரையும் போட்டுட்டு அளந்தா வேலை முடிஞ்சுது. பிளக் பக்கம் தண்ணி படாம பாத்துக்க.

ஓட்டிப் பாக்கும்போதும் ஒரு பொறி இருக்கு. ஸ்கேனரை மடியில வச்சுக்கிட்டு, ஆள் நிறைய ஏத்திக்கிட்டு நானுஓயா ஏத்தத்துல மிதிமிதின்னு மிதிச்சு, "பாருங்க மாமா, ஈஜிஆர் சூடு ஏறவே மாட்டேங்குது"ன்னு சொல்லுற. ஏறாது. முழுசா மிதிச்சா என்ஜினுக்குக் காத்து வேணும்; ஈசியூ ஈஜிஆர் வால்வை மூடிரும். சில வண்டியில மலை உயரம் கூடுனாலே அதைக் குறைச்சுப்புடும். என்ஜின் குளிரா இருக்கும்போதும் மூடித்தான் கிடக்கும். அப்ப மூடுன கதவுக்கு முன்னால நின்னுக்கிட்டு ஏன் யாரும் வெளிய வரல்லன்னு கேட்டா? என்ஜின் நல்லா சூடான பிறகு, தலவாக்கலையில இருந்து லிந்துலைக்கு வர்ற பாதையில, சமமான இடத்துல பாதி மிதியில நிதானமா ஓட்டு. பக்கத்துல இருக்கிறவன் ஸ்கேனரைப் பாக்கட்டும். நீ ரோட்டைப் பாரு. வால்வ் எத்தனை வீதம் திறந்திருக்குன்னு ஒரு வரி இருக்கும், அதுக்குப் பக்கத்துல சூட்டு வரியையும் வை. வால்வ் திறக்க, கொஞ்ச நேரத்துல சூடும் ஏறணும். வால்வ் திறக்குது, சூடு அசையல்லன்னா பாதை அடைச்சிருக்கு, இல்லன்னா சென்சர் நுனியில கரி கம்பளி போத்திக்கிட்டு இருக்கு. ஏறுது, ஆனா ஆடி அசைஞ்சு ஏறுதுன்னா அதுவும் கரி தான்.

கரி எங்க இருந்து வருதுன்னு தெரியாத மாதிரி முகத்தை வச்சுக்கிற. கொழுந்து நிறுக்கிற இடத்துல அரை மணி நேரம் என்ஜினை ஓட விட்டு நிக்கிறது யாரு? ஹோல்புறூக் போய் வர்ற தூரத்துக்கு ரெண்டாவது கியர்லயே உருட்டுறது யாரு? மெதுவா, ஆறிப்போய், பாதி எரிஞ்சு ஓடுற டீசலுக்குக் கரி கட்டாம வேறென்ன கட்டும். சுப்பர் டீசலை விட ஒட்டோ டீசல்ல கந்தகமும் கூட. கூலருக்குள்ள புகை ஆறி வேர்க்கும்போது அது அமிலமாகி இரும்பைத் திங்கும்.

அதனால சென்சரைக் கழட்டுனா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நுனியைப் பாரு. என்ஜின் லேசா சூடா இருக்கும்போது கழட்டு, முதல் நாள் ராத்திரியே துருவெண்ணெய் அடிச்சு வை. இல்லன்னா நூலோட சேர்ந்து வந்துரும், அப்புறம் நீ மாத்த வேண்டியது சென்சர் இல்ல, குழாய். நுனி காஞ்ச கறுப்பா இருந்தா சாதாரணக் கரி, மெதுவா துடைச்செடு. கம்பித் தூரிகையால பாத்திரம் விளக்குற மாதிரி தேய்க்காத. வழவழன்னு எண்ணெயா இருந்தா டர்போவைப் பத்தி யோசி. ஈரமா, வெள்ளையா பொருக்குத் தட்டியிருந்தா நிறுத்து. அது கூலண்ட். கூலர் உள்ளுக்குள்ள ஒழுகுது. ரேடியேட்டர்ல தண்ணி குறையுது, வெளிய ஒழுகல்ல, விடிய ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப்புகை, இதெல்லாம் உனக்கு முன்னமே தெரியும், சொல்லாம வச்சிருந்த. அங்க புது சென்சர் போட்டா அதுவும் அதே கூலண்ட்ல குளிச்சுட்டு வரும்.

பி2457க்கும் இதே வழி தான். கூலருக்குப் பின்னால புகை ரொம்பச் சூடா வருதுன்னா, உள்ள கரி படிஞ்சு ஆத்த முடியல்ல, இல்ல கூலண்ட் சுத்தல்ல. இங்க உன்னைப் பிடிச்சு ஒரு கேள்வி கேக்கணும். கூலண்ட் வாங்கக் காசு இல்லன்னு பீலித் தண்ணியைப் போத்தல்ல பிடிச்சு ஊத்துனது எத்தனை தரம்? பீலித் தண்ணி குடிக்க அமிர்தம். ரேடியேட்டர்ல துருவுக்குக் காவல் நிக்கிற மருந்து அதுல கிடையாது. உள்ள செந்தண்ணியா ஓடும். அது போய்க் கூலர்ல தங்கும். அந்தச் சூட்டைப் பார்த்துச் சொன்ன சென்சரைத்தான் நீ மாத்தப் போற.

அடுத்தது உன் பாஸோட கடைசி ஆயுதம். தகரம். டின் மூடியை வெட்டி ஈஜிஆர் குழாய்க்கு நடுவுல சொருகி, "இனிமே தொல்லை இல்ல"ன்னு கை கழுவிருவாரு. எனக்குத் தெரிஞ்சு இந்த மலையில ஓடுற வேன்ல பாதிக்குள்ள மார்கரின் டின்னோ பால்மா டின்னோ இருக்கும். புகை வராட்டி சென்சர் என்ன சொல்லும்? "ஆறிக் கிடக்கு"ன்னு சொல்லும். ஈசியூ வால்வைத் திறந்து பாக்கும், சூடு ஏறாது, பி0401 போடும், சில வண்டி பவரையும் குறைச்சுரும். அப்ப பாஸ் என்ன சொல்லுவாரு? "சென்சர் போச்சு." அவரே வாயைப் பொத்திட்டு அவரே ஊமைன்னு சொல்லுறாரு. சிலர் இன்னும் கெட்டிக்காரங்க, சென்சர் பிளக்குக்குக் குறுக்க ஒரு ரெசிஸ்டரைச் சொருகி, எப்பவும் நல்ல சூடுன்னு சொல்ல வச்சுருவாங்க. விடிய கூலண்ட் 13, ஈஜிஆர் 110. ஈசியூவுக்கு அது போதும், பி040பி எழுதிரும்.

எமிஷன்ல மாட்டாதான்னு கேக்கிற. வருசாவருசம் லைசன் எடுக்க டீசல் வண்டிக்கு அங்க அளக்கிறது புகையோட கறுப்பை. கண்ணுக்குத் தெரியாத நைதரசன் வாயுவை அந்தக் குழாய் கேக்கிறதில்ல. ஈஜிஆரை அடைச்சா கறுப்பு கொஞ்சம் குறையக் கூடச் செய்யும், பாஸ் ஆயிரும். அதனால தகரக்காரர் சிரிச்சுக்கிட்டே இருக்காரு. நான் பொலிஸ் இல்ல. ஆனா லயத்துக் காம்பராவுக்கு நேரா சைலன்சரை வச்சு நிறுத்திட்டு, விடிய பத்து நிமிசம் ரேஸ் பண்ணுறியே, அந்தப் புகையைக் குடிக்கிறது உன் பிள்ளையும் என் பேத்தியும் தான். வண்டியையாவது திருப்பி நிறுத்து.

வண்டிக்காக நேர்ந்துக்கிறதுல எனக்கு ஆட்சேபனை இல்ல. எலுமிச்சம்பழம் வை, ரோதமுனிக்குச் சேவல் நேர். ஆனா அதனால வண்டியோட வயசு குறையாது. 2020 மார்ச்சுல வெளிநாட்டு வண்டி வர்றதை நிறுத்துனாங்க, 2025 பெப்ரவரியில தான் திரும்பத் தனியார் வண்டிக்குக் கதவைத் திறந்தாங்க. அதுக்குள்ள நம்ம பக்கத்து வேன் ஒவ்வொண்ணும் வயசுக்கு மீறி உழைச்சுருச்சு. வயர் காஞ்சு போச்சு, பிளக் உளுத்துப் போச்சு. பழைய வண்டியில சென்சரை விட அதோட வயர் முந்திச் சாகும், அதையும் கணக்குல வச்சுக்க.

எல்லாம் பார்த்து, வெந்நீரும் பார்த்து, விடியலும் பார்த்து, சென்சர் தான் குத்தவாளின்னு சந்தேகமில்லாமத் தெரிஞ்சா போ, பஞ்சிகாவத்தைக்கே போ. பழைய சென்சரைக் கையோட கொண்டு போ. படத்தைக் காட்டி வாங்குனா நூல் வேற, நீளம் வேற வரும். உடைச்ச வண்டியில கழட்டுனதைக் குறைஞ்ச விலைக்குக் காட்டுவாங்க. வாங்குறதா இருந்தா மீட்டரைக் கொண்டு போய், கடைக்காரன்கிட்டயே ஒரு கப் வெந்நீர் கேளு. முகம் சுளிச்சா அடுத்த கடைக்குப் போ. மாட்டும்போது நூலுக்கு மட்டும் சூடு தாங்குற கிரீஸ் கொஞ்சம், நுனியில படக்கூடாது. வயரைப் பழைய கிளிப்லயே மாட்டு, மேனிபோல்ட்ல சாய விடாத. கோடை அழிச்சுட்டு, அக்கரப்பத்தனை தாண்டி டயகம வரைக்கும் ஓட்டிப் போய்ட்டு வந்து, காத்திருக்கிற கோடு எதுவும் இருக்கான்னு பாரு. மறுநாள் விடியலும் மூணு சூட்டையும் ஒருக்கா ஒப்பிடு.

மீட்டர் அந்தா அலமாரிக்கு மேல இருக்கு, எடுத்துட்டுப் போ. வெந்நீருக்கு மாமியோட கேத்தலைத் தொடாத. மீட்டரைத் திருப்பித் தரும்போது, போன மாரியில வாங்கிட்டுப் போன என் ரெயின்கோட்டையும் சேர்த்துக் கொண்டு வா. கேட்டா அது உன்னோடதுன்னு சொல்லுவ, உள்பக்கம் என் பேரு எழுதியிருக்கு.